நாட்டின் பிரதிநிதியிலிருந்து கலையின் சாட்சிக்கு: பன்னாட்டுத் திரைப்பட, ஓவிய நடுவர் குழுக்களின் வரலாறு (1932–1982)

ஆய்வுச்சுருக்கம்

பன்னாட்டுத் திரைப்பட விழாக்களிலும் ஓவியக் கண்காட்சிகளிலும் பரிசுக்குரிய படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்கள் எந்தத் தகுதியின் அடிப்படையில் அப்பொறுப்பைப் பெற்றனர் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. தொடக்கக் காலத்தில் நடுவர் தம் அரசின் பிரதிநிதியாகவும், பின்னர் இலக்கிய மதிப்பின் அடையாளமாகவும், அதன்பின் தம் சொந்தக் கலைவாழ்வின் பெயரால் பேசுபவராகவும் மாறினார். வெனிஸ், கான், பெர்லின், மாஸ்கோ, புதுதில்லி ஆகிய இடங்களில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க தீர்ப்புகளும் பூசல்களும் இம்மாற்றத்திற்குச் சான்றாகின்றன. நடுவரின் கலைவாழ்வு அவருக்கு அரசியல் அழுத்தத்தை எதிர்கொள்ளும் வலிமையைத் தந்தது. அதுவே அவரது சார்புநிலைக்கும் ஊற்றாக இருந்தது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: நடுவர் குழு, திரைப்பட விழா, வெனிஸ் பியனாலே, கான், சத்யஜித் ராய், கிரிகோரி சுக்ராய், பண்பாட்டு அரசியல்

முன்னுரை

தமிழில் ‘நடுவர்’ என்னும் சொல் ‘நடு’ என்னும் அடியிலிருந்து பிறந்தது. இரு தரப்பிற்கும் இடையே கோடாது நிற்பவர் என்பதே அதன் பொருள். நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் நோக்கும் இதனோடு ஒத்ததே. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘ஜூரி’ என்னும் சொல்லோ சூளுரைத்தல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. அச்சொல்லின்படி நடுவர் என்பவர் சான்று கூறுவதாக உறுதிமொழி ஏற்றவர். முதற்பொருள் நடுவர் நிற்கும் இடத்தைச் சுட்டுகிறது. இரண்டாம் பொருள் அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதைச் சுட்டுகிறது.

பன்னாட்டுக் கலைவிழாக்களின் வரலாற்றில் இவ்விரண்டும் அடிக்கடி மோதியுள்ளன. விருது பெற்ற படங்களைப் பற்றிய எழுத்து பெருகியுள்ள அளவிற்கு, விருது வழங்கிய நடுவர்களைப் பற்றிய ஆய்வு பெருகவில்லை. ஒரு தீர்ப்பை விளங்கிக்கொள்ள, தீர்ப்பளித்தவர் அதுவரை என்ன செய்துவந்தார் என்பதையும் அவரை அந்த இருக்கையில் அமர்த்தியவர் யார் என்பதையும் அறிதல் இன்றியமையாதது. இவ்விரு வினாக்களையும் முன்வைத்து 1932 முதல் 1982 வரையிலான அரை நூற்றாண்டை இக்கட்டுரை நோக்குகிறது.

1. அரசின் கையில் நடுவர் குழு: வெனிஸ்

உலகின் முதல் பெரிய திரைப்பட விழா ஓர் ஓவிய, சிற்பக் கண்காட்சியின் மடியிலேயே பிறந்தது. 1895இல் தொடங்கிய வெனிஸ் பியனாலேயின் பதினெட்டாம் கண்காட்சியின் பகுதியாக 1932இல் அங்குத் திரைப்படங்கள் காட்டப்பட்டன. அவ்வாண்டில் நடுவர் குழு இல்லை. பார்வையாளரின் கருத்தறிந்தே பாராட்டுகள் அறிவிக்கப்பட்டன. 1934இல் போட்டி முறை வந்தது. சிறந்த இத்தாலியப் படத்திற்கும் சிறந்த அயல்நாட்டுப் படத்திற்கும் ‘முசோலினி கோப்பை’ என்னும் பரிசு ஏற்படுத்தப்பட்டது. பரிசின் பெயரே அதன் உரிமையாளரைக் காட்டிற்று.

1937இல் ழான் ரெனுவாரின் ‘லா கிராந்த் இல்யூசியோன்’ அங்குப் போட்டியிட்டது. போருக்கு எதிரான அப்படத்திற்கு முசோலினி கோப்பை கிட்டவில்லை. ஒட்டுமொத்தக் கலைத்திறனுக்கான வேறொரு பரிசே வழங்கப்பட்டது. 1938இல் நிலைமை முற்றியது. லேனி ரீஃபென்ஷ்டாலின் ‘ஒலிம்பியா’ சிறந்த அயல்நாட்டுப் படமாகவும், முசோலினியின் மகன் வித்தோரியோ மேற்பார்வையிட்ட ‘லூச்சானோ செர்ரா, பைலட்’ சிறந்த இத்தாலியப் படமாகவும் அறிவிக்கப்பட்டன. நடுவர் குழுவிலிருந்த அமெரிக்க, பிரித்தானிய உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்து விலகினர்.

அவ்விழாவிற்கு வந்திருந்த பிரெஞ்சுப் பிரதிநிதி ஃபிலிப் எர்லாஞ்சே, அரசியல் தலையீடற்ற மாற்று விழா ஒன்றைப் பிரான்சில் நடத்தும் எண்ணத்தை முன்வைத்தார். அதுவே கான் விழாவின் தோற்றம். 1939 செப்டம்பர் முதல் நாளில் தொடங்கவிருந்த அவ்விழா இரண்டாம் உலகப் போரால் கைவிடப்பட்டது. ஆகவே கான் விழா ஒரு நடுவர் குழுவின் தோல்வியிலிருந்து பிறந்த விழா எனலாம்.

2. எல்லார்க்கும் பரிசு: கான், 1946

போருக்குப் பின் 1946 செப்டம்பரில் கான் விழா முதன்முறையாக முழுமையாக நடந்தபோது, வெனிஸில் நிகழ்ந்தது மீண்டும் நிகழாதிருக்க ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. பங்கேற்ற நாடு ஒவ்வொன்றின் சார்பிலும் ஒருவர் நடுவர் குழுவில் இடம்பெற்றார். எந்த நாடும் பிறிதொன்றை அடக்கியாள முடியாது என்பது இதன் நோக்கம்.

விளைவு எதிர்பாராதது. அவ்வாண்டின் பெரும்பரிசு பதினொரு படங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ரோபெர்த்தோ ரொசெல்லினியின் ‘ரோம், திறந்த நகரம்’, டேவிட் லீனின் ‘பிரீஃப் என்கவுன்ட்டர்’, பில்லி வைல்டரின் ‘தி லாஸ்ட் வீக்எண்ட்’, சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ முதலியன அவற்றுள் அடங்கும். இந்தியத் திரைப்பட வரலாற்றில் ‘நீச்சா நகர்’ பெற்ற இப்பரிசு பெரும் சிறப்பாகப் போற்றப்படுகிறது. அப்படத்தின் சமூக அக்கறை அதற்குத் தகுதியுடையதே. எனினும் அப்பரிசின் தன்மையை மதிப்பிடும்போது, நாடுகளுக்கிடையே மனக்கசப்பு நேராது காக்கும் ஓர் ஏற்பாட்டின் விளைவாகவும் அது அமைந்தது என்பதை வரலாற்றாய்வாளர் புறக்கணிக்க இயலாது. நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்த நடுவரால் பாராட்ட முடிந்தது. தெரிவு செய்ய முடியவில்லை.

3. எழுத்தாளரின் நாற்காலி

1950களில் கான் விழா வேறொரு வழியை நாடியது. நடுவர் குழுத் தலைமை பெரும்பாலும் புகழ்பெற்ற எழுத்தாளர்க்கு வழங்கப்பட்டது. ஆந்திரே மொருவா (1951, 1957), மொரீஸ் ழெனவுவா (1952), ழான் காக்தோ (1953, 1954), மர்செல் பஞோல் (1955), மர்செல் அஷார் (1958, 1959) ஆகியோரின் பெயர்கள் இதனைப் புலப்படுத்தும். இவர்களுள் காக்தோவும் பஞோலும் அஷாரும் திரைப்படம் இயக்கியவர்கள். ஏனையோர் இலக்கிய மதிப்பினைத் திரைக்கு ஈந்தவர்கள். திரைப்படம் ஒரு கலை என்பதை ஐயுற்றோர் இருந்த காலத்தில், இலக்கியத்தின் கைபிடித்தே அது அவையேறியது.

ஆயினும் அரசுகளின் பிடி தளரவில்லை. போட்டிக்கு வரும் படங்களை அந்தந்த நாடுகளே அனுப்பின. பிறநாடு ஒன்றைப் புண்படுத்தக்கூடிய படத்தை விலக்கும் வழக்கமும் இருந்தது. நாசி வதைமுகாம்களைப் பற்றிய அலென் ரெனேயின் ‘இரவும் மூடுபனியும்’ 1956இல் மேற்கு ஜெர்மனித் தூதரகத்தின் வேண்டுகோளால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அவரது ‘ஹிரோஷிமா மோன் அமூர்’ 1959இல் அமெரிக்காவின் மனம் நோகாதிருக்கப் போட்டிக்கு வெளியே வைக்கப்பட்டது. நடுவர் குழு எத்துணைத் தகுதியுடையதாயினும், தன் முன் வைக்கப்படாத படைப்பைப் பற்றி அதனால் தீர்ப்புக் கூற இயலாதன்றோ?

1960ஆம் ஆண்டுத் தலைவரான பெல்ஜிய நாவலாசிரியர் ழார்ழ் சிமெனோன் இம்மரபின் எல்லையில் நிற்கிறார். ஃபெல்லினியின் ‘லா தோல்சே வித்தா’ கடும் ஒழுக்கக் கண்டனத்திற்கு உள்ளாகியிருந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி மில்லர் உறுப்பினராயிருந்த அக்குழு, அப்படத்திற்கே தங்கப் பனை விருதை வழங்கியது. மில்லரின் நூல்கள் அவர்தம் நாட்டில் ஆபாசம் எனத் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. எழுத்தாளர் என்னும் மதிப்பைக் காட்டிலும், தணிக்கையை நேரில் அறிந்தவர் என்னும் பட்டறிவே இங்குக் கருதத்தக்கது. 1964இல் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கும், 1965இல் முதல் பெண் தலைவராக நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டும் அந்நாற்காலியில் அமர்ந்தபோது, திரைக்கலைஞரே திரைக்கலையை மதிப்பிடும் நிலை உருவாயிற்று.

4. இரு முகாம்களுக்கு நடுவே: சத்யஜித் ராயும் சுக்ராயும்

நடுவராகும் தகுதி எவ்வாறு ஈட்டப்படுகிறது என்பதற்குச் சத்யஜித் ராயின் வாழ்வு தெளிவான எடுத்துக்காட்டு. சாந்திநிகேதனின் கலாபவனத்தில் ஓவியம் பயின்ற அவர், 1943இல் கல்கத்தாவின் டி. ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் வரைகலைஞராகச் சேர்ந்தார். 1947இல் நண்பர்களுடன் கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நிறுவினார். அவர் முதற்கண் தேர்ந்த பார்வையாளர், பின்னரே படைப்பாளர்.

‘பதேர் பாஞ்சாலி’ 1956இல் கானில் காட்டப்பட்டபோது முதல் திரையிடலுக்கு வந்தோர் மிகச் சிலர். விமர்சகர் சிலரின் வற்புறுத்தலால் மீண்டும் திரையிடப்பட்ட பின்னரே அது சிறந்த மானுட ஆவணத்திற்கான பரிசைப் பெற்றது. மறு ஆண்டு வெனிஸில், ரெனே கிளேர் தலைமையிலான குழு ‘அபராஜிதோ’வுக்குத் தங்கச் சிங்கம் வழங்கியது. அவ்வாண்டு விஸ்கோந்தியும் குரோசாவாவும் போட்டியில் இருந்தனர். ஒரு படைப்பின் விதி நடுவரின் கவனத்தை எவ்வளவு சார்ந்துள்ளது என்பதை ராய் தம் சொந்தப் பட்டறிவாலேயே அறிந்திருந்தார்.

1961 கோடையில் மேற்கு பெர்லின் விழாவின் நடுவர் குழுவில் ராய் இடம்பெற்றார். அந்தோனியோனியின் ‘லா நோத்தே’ அங்குத் தங்கக் கரடி பெற்றது. விழா முடிந்த சில வாரங்களில் பெர்லின் சுவர் எழுந்தது. ஈராண்டு கழித்து 1963இல் மாஸ்கோ விழாவின் நடுவர் குழுவிலும் அவர் இருந்தார். பனிப்போரின் இரு முகாம்களும் ஏற்றுக்கொண்ட நடுவராக அவர் விளங்கியமைக்கு அணிசேரா நாட்டினர் என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் எந்த முகாமின் கலைக்கொள்கைக்கும் கடன்படாத அவரது படங்களே முதன்மையான காரணம் எனக் கருத இடமுண்டு.

அந்த மாஸ்கோ விழா நடுவர் குழுக்களின் வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. 1962 டிசம்பரில் மாஸ்கோவின் மானெழ் அரங்கில் நடந்த ஓவியக் கண்காட்சியில் குருஷ்சேவ் நவீன ஓவியர்களைக் கடுமையாகச் சாடியிருந்தார். 1963 மார்ச்சில் கலைஞர்களுடனான சந்திப்பிலும் அக்கண்டனம் தொடர்ந்தது. இச்சூழலில், படமெடுக்க இயலாது தவிக்கும் ஓர் இயக்குநரின் கனவுகளையும் குழப்பங்களையும் காட்டும் ஃபெல்லினியின் ‘எட்டரை’ போட்டிக்கு வந்தது. சோசலிச எதார்த்தவாதத்திற்கு இதனினும் தொலைவான படைப்பைக் காண்பது அரிது.

குழுவின் தலைவர் சோவியத் இயக்குநர் கிரிகோரி சுக்ராய். ராயுடன் அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி கிரேமர், பிரெஞ்சு நடிகர் ழான் மரே முதலியோர் உறுப்பினர்கள். குழுவினுள் கருத்துமோதல் கடுமையாக இருந்தது. இறுதியில் ‘எட்டரை’ பெரும்பரிசைப் பெற்றது. சுக்ராயால் இத்தீர்ப்பை எங்ஙனம் தாங்கி நிற்க முடிந்தது? அவர் இரண்டாம் உலகப் போரில் களம் கண்ட வீரர். அவரது ‘ஒரு வீரனின் கதைப்பாடல்’ (1959) நாட்டுப்பற்றில் ஐயுறவியலாத படம். அயல்நாட்டு விழாக்களிலும் பாராட்டுப் பெற்றது. அவரைப் பகைவரின் கையாள் என எளிதில் பழிக்க இயலாது. கலைவாழ்வில் அவர் ஈட்டிய நம்பகத்தன்மையை அயலாரின் படம் ஒன்றிற்காகச் செலவிட்டார் எனலாம்.

1965 ஜனவரியில் புதுதில்லியில் நடந்த மூன்றாம் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழா முதன்முறையாகப் போட்டி விழாவாக அமைந்தது. ராய் நடுவர் குழுத் தலைவரானார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் சிங்களப் படமான ‘கம்பெரலிய’ தங்க மயில் விருது பெற்றது. மார்ட்டின் விக்ரமசிங்கவின் நாவலைத் தழுவி, சிற்றூர்க் குடும்பம் ஒன்றின் சரிவை நிதானமாகச் சொல்லும் அப்படத்திற்கும் ராயின் திரைநடைக்கும் உறவு உண்டு. நடுவரின் அழகியல் தீர்ப்பில் படிவது இயல்பே என்பதையும் இது உணர்த்துகிறது.

5. ஓவிய அரங்கில் எழுந்த ஐயம்: வெனிஸ், 1964

திரைப்படத்தில் நடுவரின் தற்சார்பு வளர்ந்த அதே காலத்தில், ஓவிய உலகில் அதன்மீதான ஐயம் வெளிப்பட்டது. 1962இல் பிரெஞ்சு ஓவியர் ஆல்ஃபிரெட் மனெசியே பெற்ற வெனிஸ் பியனாலேயின் ஓவியப் பெரும்பரிசு, 1964இல் அமெரிக்கரான ராபர்ட் ராஷன்பர்க்கிற்குச் சென்றது. எழுவர் கொண்ட பன்னாட்டு நடுவர் குழுவில் அமெரிக்கக் கலை வரலாற்றாளர் சாம் ஹண்டரும் இருந்தார்.

ராஷன்பர்க்கின் பெரும்பாலான படைப்புகள் பியனாலே வளாகத்திற்கு வெளியே, முன்னாள் அமெரிக்கத் துணைத்தூதரகக் கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தன. வளாகத்திற்குள் இல்லாதவை பரிசுக்குத் தகுதியுடையனவா என்னும் வினா எழுந்தது. சில படைப்புகள் அவசரமாக உள்ளே கொணரப்பட்டன. பாரிஸின் முதன்மை நியூயார்க்கிற்குக் கைமாறிய தருணமாக ஐரோப்பிய இதழ்கள் இதனைக் கண்டு கொதித்தன. ராஷன்பர்க்கின் கலைத்தகுதியைப் பின்வந்தோர் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டனர். எனினும் தீர்ப்புச் சரியாயிருத்தல் மட்டும் போதாது, தீர்ப்பிற்கான நடைமுறையும் ஐயத்திற்கு இடந்தராமல் இருத்தல் வேண்டும் என்பது இந்நிகழ்ச்சி தரும் பாடம். 1968ஆம் ஆண்டின் மாணவர் எதிர்ப்புக்குப் பின் பியனாலே தன் பெரும்பரிசுகளையே கைவிட்டது. 1986இலேயே அவை மீண்டன.

6. நடுவர் எழுந்து சென்றபோது: 1968, 1970

1968 மே மாதம் பிரான்சில் வேலைநிறுத்தமும் மாணவர் கிளர்ச்சியும் பரவியிருந்தன. கான் நடுவர் குழுவின் தலைவர் ஆந்திரே ஷாம்சோன்; நாவலாசிரியர், பிரெஞ்சு அகாதெமி உறுப்பினர், தேசிய ஆவணக்காப்பகத்தின் தலைவர். பழைய மரபின் முழு உருவம் அவர். உறுப்பினரான லூயி மால், மோனிகா வித்தி, ரோமன் பொலான்ஸ்கி, டெரன்ஸ் யங் ஆகிய நால்வரும் பதவி விலகினர். மே 19இல் விழா பரிசின்றி நிறுத்தப்பட்டது.

இவர்களுள் லூயி மாலின் நிலை கூர்ந்து நோக்கத்தக்கது. ழாக் குஸ்தோவுடன் இணைந்து இயக்கிய ‘அமைதி உலகம்’ வழியாக 1956இல் கானின் தங்கப் பனையை வென்றவர் அவர். அவ்விழாவிற்குக் கடன்பட்டவர் என்றும் கூறலாம். ஆனால் 1968இன் தொடக்க மாதங்களை அவர் இந்தியாவில் ஆவணப்படப் பணியில் கழித்துவிட்டு வந்திருந்தார். பின்னர் ‘மாய இந்தியா’ என வெளிவந்த அத்தொடரின் இரண்டாம் பகுதி சென்னையைப் பற்றியது. தேர்த்திருவிழாவும் கலாக்ஷேத்ராவும் அதில் இடம்பெறுகின்றன. கதைப்படத் துறையின் பழக்கங்களை விட்டு விலகி, புதிய பார்வையைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் பரிசுமேடையிலிருந்து எழுந்து சென்றமை அவரது கலைவாழ்வின் போக்கோடு இயைந்ததே.

1970 பெர்லின் நிகழ்ச்சி இதனினும் சிக்கலானது. மிகாயேல் ஃபெர்ஹோவனின் ‘ஓ.கே.’ என்னும் மேற்கு ஜெர்மன் படம், வியட்நாமில் 1966இல் அமெரிக்கப் படைவீரர் ஓர் இளம்பெண்ணை வன்கொடுமை செய்து கொன்ற உண்மை நிகழ்வைப் பவேரியக் காட்டில் நிகழ்வதாகச் சித்திரித்தது. நடுவர் குழுத் தலைவரான அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், நாடுகளிடையே நல்லுறவை வளர்க்க வேண்டிய விழாவிற்கு அப்படம் ஒவ்வாதது என்று கூறி அதனை விலக்க முற்பட்டார். உறுப்பினரான யூகோஸ்லாவிய இயக்குநர் துஷான் மகவேயெவ் எதிர்த்தார். செய்தி வெளியே பரவியது. இறுதியில் குழு கலைந்தது, பரிசுகள் வழங்கப்படவில்லை.

ஸ்டீவன்ஸைப் போரின் கொடுமையறியாதவர் என ஒதுக்கிவிட முடியாது. 1945இல் அமெரிக்கப் படையின் ஒளிப்பதிவுப் பிரிவுக்குத் தலைமையேற்று டாகாவ் வதைமுகாமைப் படம் பிடித்தவர் அவர். அவரது குழுவின் பதிவுகள் நியூரம்பர்க் விசாரணையில் சான்றாகக் காட்டப்பட்டன. அமெரிக்கப் படைவீரரை விடுதலை தருவோராகக் கண்ட வாழ்வு அவருடையது. அதே படையினரைக் கொடுமை செய்வோராகக் காட்டும் படத்தை ஏற்க அவ்வாழ்வே தடையாயிற்று எனக் கொள்ளலாம். சுக்ராயின் போர்ப் பட்டறிவு பிறர் படைப்பிற்கு அரணாக நின்றது. ஸ்டீவன்ஸின் போர்ப் பட்டறிவு பிறர் படைப்பிற்கு எதிராக நின்றது. கலைவாழ்வு ஒரே திசையில் இயங்கும் விசையன்று.

7. நாடற்ற படமும் நாடு கடந்த நடுவரும்: கான், 1982

இப்பூசல்களின் பின்விளைவாக விழாக்களின் அமைப்பு மாறியது. பெர்லினில் 1971இல் புதிய படங்களுக்கான தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. 1972 முதல் கான் விழா, போட்டிப் படங்களை நாடுகள் அனுப்பும் முறையைக் கைவிட்டுத் தானே தேர்ந்தெடுக்கலாயிற்று. நடுவர் முன் வைக்கப்படுவது எது என்னும் பழைய சிக்கல் இதனால் ஓரளவு தீர்ந்தது.

1977இல் நடுவர் குழுத் தலைவர் ரொசெல்லினி. 1946இல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பதினொருவருள் ஒருவரான அவர், தம் இறுதிக்காலத்தில் தொலைக்காட்சிக்காக வரலாற்றுப் படங்களை எடுத்துவந்தார். இத்தாலியத் தொலைக்காட்சிக்காகத் தயாரிக்கப்பட்ட தாவியானி சகோதரரின் ‘பாத்ரே பத்ரோனே’வுக்குத் தங்கப் பனை கிடைத்தது. விழா முடிந்த ஒரு வாரத்தில் அவர் மறைந்தார்.

1982ஆம் ஆண்டுக் குழு இம்மாற்றத்தின் முழுமையைக் காட்டுகிறது. நாடக இயக்குநர் ஜோர்ஜோ ஸ்த்ரேலர் தலைவர். இளமையில் உரோமில் திரைக்கல்வி பயின்ற காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், சிட்னி லூமெட், சூசோ செக்கி தாமிக்கோ, மிருணாள் சென் முதலியோர் உறுப்பினர்கள். தங்கப் பனை இரு படங்களுக்குப் பகிரப்பட்டது. ஒன்று, 1973 சிலி ஆட்சிக் கவிழ்ப்பில் காணாமற்போன அமெரிக்க இளைஞனைப் பற்றிய கோஸ்தா காவ்ராசின் ‘மிஸ்ஸிங்’. மற்றொன்று ‘யோல்’, துருக்கிச் சிறையிலிருந்தபடியே யில்மாஸ் கூனே எழுதி வழிநடத்த, ஷெரீஃப் கோரென் இயக்கிய படம். கூனே சிறையிலிருந்து தப்பி வெளிநாட்டில் அதனைத் தொகுத்து முடித்தார். எந்த அரசும் தன் பிரதிநிதியாக அனுப்பியிராத படம் அது. 1946ஆம் ஆண்டின் முறைப்படி அமைந்த குழு ஒன்றின் முன் இத்தகைய படம் வந்திருக்கவே வாய்ப்பில்லை.

வங்கத்தின் வறுமையையும் நடுத்தர வர்க்கத்தின் மனச்சான்றையும் தொடர்ந்து படமாக்கிவந்த மிருணாள் சென் மறு ஆண்டே ‘காரிஜ்’ படத்துடன் கானுக்குப் போட்டியாளராகச் சென்று நடுவர் குழுப் பரிசைப் பெற்றார். இன்று தீர்ப்பவர் நாளை தீர்க்கப்படுபவர் என்னும் இச்சுழற்சி நடுவரைப் பொறுப்புடையவராக்குகிறது. அதேவேளையில் ஒரு சிறு வட்டத்தினரே மாறிமாறி ஒருவரையொருவர் மதிப்பிடும் அபாயமும் இதில் உண்டு.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• வெனிஸ் 1938, கான் 1946 ஆகிய இரண்டும் எதிரெதிர் முறைகளைக் கையாண்டன. முன்னதில் ஓர் அரசு மேலோங்கியது; பின்னதில் எல்லா அரசுகளும் சமமாயின. இரண்டிலும் நடுவர் நாட்டின் பிரதிநிதியாக இருந்தமையால் கலைத்தெரிவு பின்தள்ளப்பட்டது.

• 1950களின் எழுத்தாளர் தலைமை திரைப்படத்திற்குப் பண்பாட்டு மதிப்பைத் தந்தது. படங்களை விலக்கும் அரசுகளின் உரிமையை அது தொடவில்லை.

• சுக்ராய், ராய் போன்றோர் தம் கலைவாழ்வில் ஈட்டிய நம்பகத்தன்மையாலேயே அரசியல் எல்லைகளைக் கடந்து தீர்ப்பளிக்க முடிந்தது. ஸ்டீவன்ஸின் நிகழ்ச்சி அதே கலைவாழ்வு பார்வையை மறைக்கவும் கூடும் என்பதைக் காட்டுகிறது.

• ராஷன்பர்க் பரிசு, தகுதியான தெரிவும் தெளிவற்ற நடைமுறையால் மாசுபடும் என்பதற்குச் சான்று.

ஆகவே ஒரு விருதினை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், விருதின் பெயரையும் ஆண்டையும் குறிப்பதோடு நின்றுவிடலாகாது. அதனை வழங்கிய குழு எவ்வாறு அமைந்தது, அதில் இருந்தோர் எப்படைப்புகளின்வழி அவ்விடத்தை அடைந்தனர், அவர்கள் பார்வைக்கு வராது தடுக்கப்பட்ட படைப்புகள் யாவை என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். இந்தியப் படங்கள் அயல்நாட்டு விழாக்களில் பெற்ற பரிசுகளைப் பற்றிய நம் திரைவரலாற்று நூல்கள் இந்நோக்கில் மறுவாசிப்புச் செய்யப்பட வேண்டியவை. ‘நீச்சா நகர்’ வேறு பத்துப் படங்களோடு பகிர்ந்த பெரும்பரிசும், ‘அபராஜிதோ’ தனித்து வென்ற தங்கச் சிங்கமும் ஒரே தட்டில் வைத்து எண்ணப்படத்தக்கவை அல்ல. அவற்றை வழங்கிய நடுவர்கள் வெவ்வேறு அதிகாரத்தின் பெயரால் பேசினர்.